டிரையருக்கு மூன்று விளக்கு

1. நொய்

எண்பதுகளில் உத்திரமேரூர் பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். பேனலும் டிரையரும் என் பொறுப்பு. ஒரு தை மாதம், நெல் வரத்து மும்முரமாக இருந்த நேரத்தில், முதலாளி ஒரு கை அரிசியை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினார். பாதிக்கு மேல் நொய்.

"இன்னாடா சம்பத்து இது? கோழிக்குப் போடறதா? யாரு சூட்ட ஏத்துனது?"

அவித்த நெல்லை அளவான சூட்டில்தான் உலர்த்த வேண்டும். சூட்டை ஏற்றினால் சீக்கிரம் காய்ந்துவிடும், ஆனால் அரைக்கும்போது உடையும். அதற்காகவே பேனலில் ஒரு பூட்டு உண்டு. நான்கு எண் சக்கரங்களைச் சரியான நம்பரில் நிறுத்தினால்தான் சூடு கூட்டும் திருகு வேலை செய்யும்.

"நான் இல்ல மொதலாளி."

"நம்பர் தெரிஞ்சவன்தான திருப்ப முடியும்? இன்னொரு வாட்டி நொய்யி வந்துச்சுன்னா நீ வூட்டுக்குப் போய்க்கினே இரு."

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமனார் வீட்டில் நான் 'மில் இன்ஜினீயர்' என்று வேறு சொல்லி வைத்திருந்தார்கள்.

2. அர்ச்சனை செய்த நம்பர்

நம்பர் தெரிந்தவன்தான் திருப்ப முடியும் என்று அவர் சொன்னதுதான் வேடிக்கை. பேனல் வந்திறங்கிய அன்று பூஜை போட்டார்கள். கூட்டு எண் ஒன்பது வருகிற மாதிரி குருக்கள் ஒரு நம்பரைத் தேர்ந்தெடுத்தார். முதலாளியின் பெயர், நட்சத்திரத்தோடு அந்த நம்பரையும் சேர்த்து உரத்த குரலில் அர்ச்சனை செய்தார். வந்த கூட்டம் பயபக்தியோடு கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மறுநாள் டீக்காரர் என்னிடம், "அஞ்சு நாலு ஆறு மூணு நல்லா வேலை செய்யுதா?" என்று நலம் விசாரித்தார்.

நம்பரை மாற்றலாம் என்றேன். "பூஜை போட்ட நம்பர மாத்துனா ஆவாது" என்றார் முதலாளி.

நொய் விழுந்த பிறகு நான் விடவில்லை. "ஆளுக்கொரு நம்பர் வைங்க மொதலாளி. யார் தொறந்தாலும் அவங்க லைட்டு எரியட்டும். தப்பு யாருதுன்னு தெரிஞ்சிடும்."

வேலை போகும் பயத்தில் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அவர் யோசித்தார். மெட்ராஸ் மெக்கானிக் வந்து மூன்று நம்பர் வைத்து, மூன்று விளக்கு மாட்டினார். எனக்குச் சிவப்பு, பாய்லர் ஏழுமலைக்குப் பச்சை, முதலாளிக்கு மஞ்சள். கடைசியாகத் திறந்தவர் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

நம்பரைச் சொல்வதற்கும் குருக்கள்தான் வர வேண்டும் என்றார் முதலாளி. இந்த முறை அர்ச்சனை கிடையாது. பூணூல் கல்யாணத்தில் செய்வது போல, ஒரு வேட்டியைப் போர்த்தி, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் காதில் ஓதினார். ஏழுமலை வெளியே வந்து, "அய்யிரு வாயில ஒரே வெத்தல வாசன" என்றான்.

3. மஞ்சள்

மாசியில் ஒரு நாள் டிரையர் பக்கம் அனல் வீசியது. ஓடிப்போய்ச் சூட்டைக் குறைத்தேன். அதற்குப் பேனலைத் திறக்கத் தேவையில்லை, பர்னரை அணைத்தால் போதும். நெல் தப்பியது. காஞ்சிபுரம் போயிருந்த முதலாளி அப்போதுதான் வந்து இறங்கினார்.

"எவன்டா கைய வச்சது?"

ஏழுமலைதான் மெதுவாகச் சொன்னான். "மஞ்ச லைட்டு எரியுது மொதலாளி."

"டேய், நான் காலையிலேர்ந்து காஞ்சிபுரத்துல கீறேன்டா! நான் எப்டிடா ஏத்துவேன்?"

தன் நெல்லின் முறைக்காக மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார் முதலாளியின் மச்சினன் தனகோபால், வாலாஜாபாத்தில் நெல் வியாபாரி. அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "நான்தான் மாமா. அவசரம்னா நீயே ஏத்திக்கோன்னு நம்பர் சொன்னீங்களே. முன்னாடி இருக்கற லோடு காஞ்சாத்தான என்னுது உள்ள போவும்? தை மாசங்கூட நான்தான் ஏத்துனேன், அப்ப ஒண்ணியும் சொல்லலியே?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முதலாளி என்னைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கூப்பிட்டனுப்பினார். "மனசுல ஒண்ணும் வச்சிக்காத சம்பத்து. என் நம்பர எடுத்துடு."

"வேற நம்பர் வச்சித் தரட்டா?"

"வேணாம்பா. புதுசு குடுத்தா அத்தயும் கேப்பான். இல்லன்னா வூட்டுல அவங்க அக்கா கேப்பா. எனக்கே தெரியாதுன்னு சொன்னாத்தான் நான் நிம்மதியா சோறு துண்ண முடியும்."

அன்றே பேனலில் அவர் நம்பரை நீக்கி, மஞ்சள் விளக்கையும் கழற்றினேன். இப்போது கம்ப்யூட்டர் வைத்து ஆலை ஓட்டும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பூட்டுப் போட்டால் மட்டும் போதாது, யார் திறந்தார்கள் என்றும் தெரிய வேண்டும். வேலைக்குத் தேவையில்லாதவருக்கு, அவர் முதலாளியே ஆனாலும், நம்பர் வேண்டாம். அதைச் சொன்னால் முதலாளி கோபப்படுவார் என்று பயப்படாதீர்கள். எங்கள் முதலாளி அதன் பிறகுதான் மச்சினனோடு சிரித்துப் பேச ஆரம்பித்தார். தனகோபால்தான் கடைசிவரை என்னோடு பேசவில்லை.