சந்தேகத்துக்குரிய கால்சைட்

2024 மார்ச் 10, ஞாயிறு. ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டேன். ஆறேகாலுக்கு உக்கடம் குளக்கரையில் நடை. பத்து மணிக்கு அலமாரியிலுள்ள கற்களைத் தூசி தட்டினேன். மொத்தம் முப்பத்தொன்று, ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்தில் ஒரு சீட்டு.

பன்னிரண்டாவது கல்லின் சீட்டில் ‘சந்தேகத்துக்குரியது’ என்றிருந்தது. பெருந்துறையில் தன் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது கிடைத்த கால்சைட், அதாவது சுண்ணாம்புப் படிகம், என்று சொல்லி மனைவியின் அண்ணன் கொடுத்தது. என்னிடம் முன்பே இருந்த கால்சைட் சாய்ந்துபோன பெட்டி மாதிரி இருக்கும். என்னிடமுள்ள கனிமப் புத்தகத்தின் படத்திலும் அப்படித்தான். இதுவோ கோரைப்பல் மாதிரி கூராக இருந்தது. எனவே அந்தச் சீட்டு.

பொங்கலுக்கு வந்தபோது அவர் அந்தச் சீட்டைப் படித்தார். “நல்லதுங்க மாப்பிள்ளை. நீங்க எழுதுனாச் சரியாத்தானுங்க இருக்கும்.”

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

தூசி தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: “சித்திரையில புள்ளைக்குக் கல்யாணம். தாய்மாமன் வராம சீர் யாருங்க செய்வாங்க? உங்க சீட்டுங்களா?”

முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையை அன்று மாலை செய்தேன். வினிகர் விட்டதும் இரண்டு கல்லும் நுரைத்தன. எனக்கு அது போதவில்லை. கோரைப்பல்லைச் சுத்தியலால் தட்டினேன். உடைந்த துண்டுகளெல்லாம் சின்னச் சின்னச் சாய்ந்த பெட்டிகள். கோணமானியில் எழுபத்தைந்து, நூற்றைந்து டிகிரி. பழைய கல்லிலும் அதே அளவுகள்.

காரணம் அதே புத்தகத்தில், படத்தின் மறுபக்கத்தில் இருந்தது. உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் முறை ஒன்றுதான். வெளி வடிவத்தைத் தீர்மானிப்பது படிகம் வளர்ந்த நீரின் சூடு, அதில் கலந்திருந்த பிற பொருள்கள், வளர்ந்த வேகம். வேகமாக வளரும் பக்கம் குறுகிக் குறுகி மறைந்துவிடும். மெதுவாக வளர்ந்த பக்கங்களே கடைசியில் முகமாக நிற்கும். எந்தப் பக்கம் மெதுவாக வளர்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். பத்து வருடமாகப் படத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

மனைவி மேசையைப் பார்த்தாள். “நெசந்தான்னு கண்டுபுடிக்க அதை ஒடச்சுப்போட்டீங்களா?”

“ஆமா.”

“அண்ணன்கிட்ட நான் வரமாட்டனுங்க. எழுதுன நீங்களே போய்க் கூப்புட்டு வாங்க.”

மறுநாள் காலை முதல் வேலையாகப் பெருந்துறைக்குப் பஸ் ஏறினேன். பையில் வெற்றிலை பாக்குடன் முதல் அழைப்பிதழும், ஒரு டப்பாவில் பதினேழு துண்டுகளும் இருந்தன.