புதரில் கட்டிய நார்

முதலில் தொண்டை எரிந்தது. மதியம் பாப்பாயி வைத்த மிளகு ரசத்தைத்தான் குறை சொன்னேன். அவள் என் மனைவி. பத்து வருடமாக என் கேலிக்குப் பழகியவள். எழுந்து வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

இது நடந்தது இந்த வருடம், தொண்ணூற்றெட்டு மாசியில். கொல்லிமலைக் காட்டில் வள்ளிக்கிழங்கு தோண்டும் காலம். இலை பச்சையாக இருக்கும்போதே கொடியில் நார் கட்டி அடையாளம் வைப்போம். காய்ந்த பிறகு வந்து தோண்டுவோம். நான் மகா சோம்பேறி. குனிந்து கொடியில் கட்ட அலுத்துப்போய், அது படர்ந்த புதரில் கட்டிவிட்டு வந்திருந்தேன். அதே புதரில் வேறொரு கொடியும் ஏறியிருந்தது. காய்ந்துவிட்டால் எல்லாக் கொடியும் ஒன்றுதான். கைக்கு வந்த கொடியின் அடியில் தோண்டினேன்.

அன்று காலை கிழங்கைக் கழுவும்போதே அவள் கேட்டாள். "ஏனுங்க, இது ரெண்டா மடங்கிக் கெடக்குதுங்களே?"

"உன்னையும் என்னையும் மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடக்குது கண்ணு. வேக வை."

சிரித்துவிட்டாள். அவளுக்குக் கிழங்கென்றால் உயிர். என் பங்கிலும் பாதியை அவள் தட்டில் தள்ளினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸில் மலை இறங்கினோம். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுப்பது எங்கள் பஸ்ஸுக்குப் புதிதல்ல. ஒருவர் எலுமிச்சம்பழம் நீட்டினார். அடிவாரத்துக் காரவள்ளி வந்தபோது அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

மறுநாள் எங்கள் வீட்டிலிருந்த மிச்சக் கிழங்கை என் தம்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். டாக்டர் புரட்டிப் பார்த்தார். "இது கண்வலிக்கிழங்குங்க. செங்காந்தளோட கிழங்கு." அதில் இருப்பது கோல்சிசின் (உடலில் புதுச் செல்கள் உண்டாவதை நிறுத்தும் நஞ்சு). உடனே வயிற்றைக் கழுவியிருந்தால் ஓரளவு பலன் இருந்திருக்கும் என்றார். நீங்கள் இதை ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் படிக்கிறீர்கள் என்றால், தின்றதன் மிச்சத்தை முதல் நாளே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மூன்றாம் நாள் அவளுக்குச் சிறுநீர் நின்றது. டயாலிசிஸ் (சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் செய்வது) தொடங்கினார்கள். நாரைப் புதரில் கட்டியதை அவளிடம் சொன்னேன்.

"ஊட்டுக்குப் போனதும் அதை அவுத்துடுங்க. வேற யாராச்சும் தோண்டிருவாங்க."

"நீயே வந்து அவுத்துடு. எனக்குக் குனிய முடியாது."

அவள் சிரிக்கவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

மலையேறியதும் நாரை அவிழ்த்தேன். அது என் நெஞ்சு உயரத்தில்தான் இருந்தது. குனிய வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வாரத்தில், நான் தின்ற கொஞ்சத்துக்கே என் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. தினமும் என் சீப்பைத் தேடிக் கொடுத்தவள், சீப்புக்கே வேலை போனதைப் பார்க்க இல்லை.

முடி முளைத்துவிட்டது. நகங்களில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. நஞ்சு ஏறிய நாட்களில் நகம் வளராமல் நின்ற இடம் என்றார் டாக்டர். கோடு மெல்ல மேலேறியது. கோட்டுக்கு மேலே இருந்ததெல்லாம் அவள் உயிரோடு இருந்தபோது வளர்ந்த நகம்.

இப்போது ஆடி. கட்டைவிரலில் மட்டும் கோட்டுக்கு மேலே ஒரு பிறை மிச்சம். நகத்தை வெட்டு என்கிறான் தம்பி. சோம்பேறித்தனம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.