ஸ்ராங்கு அண்ணாச்சியின் மூச்சு

ஸ்ராங்கு அண்ணாச்சியின் மூச்சு நின்றபோது அவருடைய பல் செட்டு என் கையில் இருந்தது. குழாயடியில் அதைக் கழுவிக்கொண்டிருந்தேன். அறையை நிறைத்திருந்த குறட்டை சட்டென்று அறுந்தது. விழித்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பினேன். விழிக்கவில்லை. சாய்வு நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தார். பல்லில்லாத தாடை தொண்டைப் பக்கமாக உள்வாங்கியிருந்தது. வயிறு எழும்பி எழும்பி அடங்கியது. காற்று மட்டும் உள்ளே போகவில்லை. டாக்டரோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனுஷன் எதையாவது செய்து தொலைக்கமாட்டாரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. உதடு கறுக்கத் தொடங்கியதும் டாக்டர் அவர் தோளைத் தொடக் குனிந்தார். அதற்குள் அண்ணாச்சியே பெரிய திணறலோடு காற்றை இழுத்து, கண்ணைத் திறக்காமலே மறுபடி குறட்டைக்குள் போனார். "அரை நிமிஷம். இது உறக்கம் இல்லை கேட்டோ" என்றார் டாக்டர்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கொச்சியில் மட்டாஞ்சேரி படகுத்துறைக்கு எதிரே ஒரு மாடியில் எங்கள் பல் ஆஸ்பத்திரி. டாக்டர் மலையாளி. மெட்ராஸில் படித்தவர், அதனால் எங்களிடம் தமிழில்தான் பேசுவார். கருவிகளை வேகவைப்பது, செட்டுகளைக் கழுவுவது, புதுச் செட்டு வாங்குகிறவர்களுக்குப் பாடம் ஒப்பிப்பது, இவை என் வேலை. "ராத்திரி செட்டைக் கழற்றித் தண்ணீரில் போடணும். ஈறுக்கு ஓய்வு வேணும்." எத்தனை பேரிடம் இதைக் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அண்ணாச்சியின் அப்பா தூத்துக்குடிக்காரர். அண்ணாச்சி பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே பக்கத்தில் கொச்சங்காடியில். எர்ணாகுளம் போகும் பயணிகள் படகில் அவர் ஸ்ராங்கு, அதாவது சுக்கான் பிடிப்பவர். ஈறெல்லாம் சீழ் பிடித்து முந்தைய வருஷம் பல் முழுவதையும் எடுத்துச் செட்டு வைத்திருந்தோம். பிறகு ஆள் மாறிப்போனார். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூங்கி வழிதல். கும்பகர்ணன் என்று துறையில் எல்லாரும் கேலி செய்தார்கள், நானும்தான். ஒரு மாதத்துக்கு முன் கட்டிப்போட்டிருந்த சரக்குத் தோணியில் படகை உரசிவிட்டார். குடித்திருந்தார் என்றே ஊர் பேசியது. அன்று அவர் வந்தது ஈறில் செட்டு உறுத்துகிறது என்பதற்காகத்தான். நாற்காலியைச் சாய்த்த இரண்டாம் நிமிஷம் தூங்கிவிட்டார்.

எழுப்பியதும் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி டிரிப் என்னோடதாக்கும். செட்டத் தா மோளே" என்று என்னிடம் கை நீட்டினார்.

"இன்னிக்கு நீங்க ஓட்டக்கூடாது" என்றார் டாக்டர்.

"மத்த ஸ்ராங்கு லீவுல டாக்டரே. தோணியில உரசினதுக்கே ஒரு தடவ எழுதி வாங்கியாச்சு. இனி ஒண்ணுன்னா எனக்கு வேலை இல்ல. வீட்டுல ரெண்டு பெண்பிள்ளைங்க." குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

டாக்டர் ஜன்னல் வழியே துறையைப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். "செட்டைப் போடுங்க. இந்த ஒரு டிரிப்தான், அதுக்கப்புறம் லீவு. நானும் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கூடவே இறங்கிப்போனார்.

நானும் போனேன். என் வீடு எர்ணாகுளத்தில். தினமும் அதே நாலு மணிப் படகில்தான் திரும்புவேன். படகில் ஏறும் பலகையில் ஒரு காலை வைத்தவள் எடுத்துவிட்டேன். "தோப்பும்படியில ஒரு வேலை இருக்கு டாக்டர், பஸ்ஸில போறேன்." பச்சைப் பொய். எங்கள் தெருவில் இருக்கும் பெண்ணொருத்தி, இடுப்பில் குழந்தையோடு, படகுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இறங்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணாச்சி மணியடித்தார், கீழே இஞ்சின் முனகியது, படகு விலகியது.

பஸ் பாலத்தில் ஏறியபோது காயலை எட்டி எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குழந்தையின் முகம்தான் கண்ணில் நின்றது. இறங்கி எர்ணாகுளம் துறைக்கு ஓடினேன். படகு காலியாகக் கட்டிக் கிடந்தது. எல்லாரும் பத்திரமாக இறங்கிப் போயிருந்தார்கள். பெஞ்சில் டாக்டரும் அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் டாக்டர் அண்ணாச்சியின் மனைவியை, எங்கள் மதினியை, வரவழைத்தார். "முன்னயும் குறட்டை உண்டு டாக்டரே. இப்படி மூச்சு முட்டுறது பல்லு எடுத்ததுக்குப் பொறவுதான். மத்தியானம் செட்டோட சாஞ்சார்னா வெறும் குறட்டதான். ராத்திரி நீங்க சொன்ன மாதிரி அதைக் கிண்ணத்து வெள்ளத்துல போட்டுட்டுப் படுத்தா, நான் உக்காந்து உலுக்கிக்கிட்டே இருக்கணும்." டாக்டர் அண்ணாச்சியைச் செட்டோடு அதே நாற்காலியில் தூங்கவிட்டுப் பார்த்தார். குறட்டை இருந்தது, மூச்சு நிற்கவில்லை. தாங்க எதுவும் இல்லாததால் தாடை பின்னால் விழுந்து நாக்கு வழியை அடைக்கிறது என்றார். "எல்லார்க்கும் இப்படி ஆகாது. இவருக்கு ஆச்சு. கழற்றச் சொன்னது நான்தானே." சொன்ன வாய் என்னுடையது. அதை அவர் சொல்லிக்காட்டவில்லை.

இனி இரவிலும் செட்டு வாயில் இருக்கட்டும், பகலில் கழற்றி ஈறுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று மாற்றினார். எர்ணாகுளத்தில் ஒரு நெஞ்சு டாக்டருக்குக் கடிதமும் கொடுத்தார். அவர் எடையைக் குறைக்கச் சொன்னார், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார், சாயங்காலக் கள்ளை நிறுத்தினார். முழுக்கக் குணமானது என்று சொல்லமாட்டேன். ஆனால் மதினி படுத்துத் தூங்கினாள். மூன்று மாதம் கழித்து, பகல் தூக்கம் போய்விட்டது என்று நெஞ்சு டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகுதான் அண்ணாச்சி மறுபடி சுக்கான் பிடித்தார். நான் ஏறும்போது, "அன்னிக்கி நீ ஏறல்லியே மோளே" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இன்று இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது, ராத்திரி முழுக்கப் பரிசோதனை இருக்கிறது, மூச்சுக்கு முகமூடி இருக்கிறது, சிலருக்குத் தாடையை முன்னால் நிறுத்தும் தகட்டைப் பல் டாக்டர்களே செய்து தருகிறார்கள். பல்லைக் காட்டப் போனால் குறட்டை உண்டா, பகலில் தூக்கம் வருமா என்று கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கேட்பது ஒன்று, கூட ஏறுவது ஒன்று.

டாக்டர் இறந்தபோது துக்கத்துக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் அவர் மனைவியிடம் அந்தப் படகைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாள் நம்பவில்லை. "அவர் படகில் ஏறவே மாட்டாரே. தண்ணீர் என்றால் அவ்வளவு பயம். நீந்தத் தெரியாது" என்றார்.

எனக்கு ஏழு வயதிலிருந்தே நீந்தத் தெரியும்.