பதினொன்று பத்துக்கு வரும் டவுன் பஸ்

எங்கள் ஊர்க் கர்ப்பிணிகளின் உடம்பைக் கெடுப்பது பஸ் நேரம்தான்.

என் அக்கா மேரிக்கு இது எட்டாம் மாதம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைக்கிறாள். கால் வீங்கிவிட்டது. பிரஷர் பார்க்க இன்று லீவு போட்டாள்.

கம்பெனி பஸ் காலை எட்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டித்தான் போகிறது. பாதி சீட் காலி. டிரைவர் ஏற்றவில்லை.

"லீவு போட்டவங்கள ஏத்தக் கூடாதும்மா. வேலைக்கு வர்றதுன்னா ஏறு."

ஷேர் ஆட்டோ குலுக்கும், ஏறாதே என்று நர்ஸே சொல்லியிருக்கிறார். மிச்சம் இருப்பது ஒரே டவுன் பஸ். அது எங்களைப் பதினொன்று பத்துக்கு இறக்கிவிட்டது. கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய்தோறும் தரும் டோக்கன் பதினொரு மணியோடு முடிந்துவிடும்.

"அடுத்த செவ்வாக்கெழம சீக்கிரம் வாங்க" என்றார் நர்ஸ்.

"போன வாரமும் இதான் சொன்னீங்க சிஸ்டர். பஸ்ஸே இப்பதான் வருது."

"அத டெப்போல கேளுப்பா."

டெப்போவுக்குப் போன் போட்டேன். "ஆஸ்பத்திரி டைம் எங்களுக்கு இன்னா தெரியும்? அவங்க லெட்டர் போடட்டும்."

லெட்டர் போட வேண்டிய டாக்டர் கிளம்பியிருந்தார்.

"உடுடா. நாளைக்கு கம்பெனி பஸ்ல இந்த வழியாத்தான் போவேன். டாக்டருக்கு டாட்டா காட்டிட்டுப் போறேன்" என்று அக்கா சிரித்தாள். செருப்பு காலில் ஏறவில்லை, கையில் வைத்திருந்தாள்.

கம்பெனி, டெப்போ, ஆஸ்பத்திரி மூன்று பேரும் ஒரு மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள் என்று ஒரு தாளில் எழுதி நீட்டினேன். வாங்கிக்கொள்ள யாருமில்லை.

உங்கள் ஊரில் இந்தத் தாளை யார் வாங்குவார்கள்?