முகம் தேய்ந்த புனித மார்கரெட்

2008 மார்ச்சில் ஒட்டாவாவிலிருந்து மொன்றியல் போனது என் யோசனை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. அந்தப் பயம் அவளை விடவே இல்லை. அங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய ஜெபப் புத்தகங்களைக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள், அதில் புனித மார்கரெட் படம் இருக்கிறது என்று கோயிலில் யாரோ சொல்லிவிட்டார்கள். தன்னை விழுங்கிய டிராகனின் வயிற்றைப் பிளந்து முழுசாக வெளியே வந்தவராம், அதனால் பிரசவத்துக்கு அவர்தான் துணை. ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்து வேண்டிக்கொள்ள வேண்டும் என்றாள். இணையத்தில் பார்த்துக்கொள்ளேன் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

காலை 8 மணி பஸ். 200 கிலோமீட்டர், இரண்டு மணி இருபது நிமிடம். பஸ் நிலையத்துக்கு அடியிலேயே மெட்ரோ, ஆனால் இறங்க லிஃப்ட் கிடையாது. கர்ப்பிணிகளுக்கு மலையேற்றப் பயிற்சி கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. டாக்சி பிடித்தோம், ஒன்பது டாலர். ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"இண்டைக்குச் சனிக்கிழமை எல்லே, ஒரு மணிக்குப் பூட்டிப்போடுவினம். போன கிழமையும் ஒராளைக் கொண்டுவந்து பூட்டின கதவைத்தான் காட்டினனான்," என்றார். இறங்கும்போது ஸ்டெல்லாவிடம், "ஆறுதலாய் இறங்குங்கோ தங்கச்சி, சறுக்கும்," என்றார்.

கோட்டைக் கழற்று, பையை வை, கேமரா கூடாது. இத்தனையும் முடித்து உள்ளே போனால் குளிர், அரையிருட்டு. நான் ஆளுயரப் படத்தை எதிர்பார்த்திருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததோ உள்ளங்கை அளவுப் புத்தகம். டிராகனின் ஒவ்வொரு செதிலும் பச்சையாகப் பளபளத்தது. தங்கப் பூச்சு அப்படியே இருந்தது. புனிதரின் முகம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை.

காவலுக்கு நின்ற அம்மாளிடம் எரிச்சலோடு கேட்டேன். அந்தக் காலத்தில் முத்தமிட்டும் தடவியும் தேய்த்துவிட்டார்கள், பெரும்பாலும் பெண்கள்தான் என்று பிரெஞ்சு வாடை அடித்த ஆங்கிலத்தில் சொன்னார். இந்தக் கறையைப் பார்க்கவா இருநூறு கிலோமீட்டர்? ஓவென்று கத்தலாம் போலிருந்தது.

ஸ்டெல்லா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னை மாதிரி எத்தனை பேரு பயந்திருக்காங்க, பாருங்க," என்றாள். விரல் நுனியில் முத்தமிட்டுக் கண்ணாடியைத் தொட்டாள். அந்த அம்மாள் துடைக்கும் துணியோடு வந்தார். ஆனால் நாங்கள் கிளம்பும்வரை துடைக்காமல் நின்றார்.

நீங்கள் போவதாக இருந்தால் சனிக்கிழமை வேண்டாம். பூதக்கண்ணாடி ஒன்று எடுத்துப் போங்கள். படி ஏற முடியாதவர்கள் மெட்ரோவை நம்பாதீர்கள். முகம் தெரியும் என்றும் நம்பாதீர்கள்.

மே மாதம் ஸ்டெல்லாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். வேண்டிக்கொள்ளக் கண்ணை மூடினால் எந்தச் சாமியின் முகமும் நினைவுக்கு வரவில்லை. அந்தத் தேய்ந்த இடம்தான் வந்தது. அதையே கும்பிட்டுக்கொண்டிருந்தேன், உள்ளேயிருந்து மகள் அழும் சத்தம் கேட்கும்வரை.