ஆறு வருஷம் கழித்து அச்சான கருமாதி பத்திரிகை

எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே ஒற்று வரும், எந்த ‘ன’ எங்கே வரும் என்பது இன்றுவரை பிடிபடவில்லை. அச்சுக்குக் கொடுப்பவர்கள் அதையெல்லாம் திருத்திக்கொள்ளலாம். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களும் என்னைப் போல வெளியே போனவர்களும் படித்தால் போதும்.

என் அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவருடைய கருமாதி பத்திரிகை மூன்று வாரத்துக்கு முன்புதான் என் கைக்கு வந்தது. தபாலில் தாமதம் என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாக அச்சடித்தது. கட்டை விரலை வைத்து அழுத்தினால் மை ஒட்டியது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து போகும்படி உற்றார் உறவினரை அழைத்திருந்தார்கள். போட்டிருந்தது ஆறு வருஷத்துக்கு முந்தின தேதி. ஒரு மாத லீவில் வந்து இறங்கி, முத்தியால்பேட்டையில் தம்பி சேகர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவன் இதை நீட்டினான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாங்கினேன்.

நான் இருக்கும் இடம் பாரீசுக்கு வெளியே, ரயிலில் நாற்பது நிமிடம். அங்கே சாவு சத்தமில்லாமல் நடக்கும். கீழ் மாடிக் கிழவர் போய்ச் சேர்ந்தது, தபால் பெட்டியில் பெயர் மாறின பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நம் ஊரில் செத்தவர்கள் சுவரை விட்டு இறங்குவதில்லை. ஒரு முகத்தின் மேல் இன்னொரு முகம், பசை வழிந்து, வெயிலில் உரிந்து, பாதித் தாடையை மாடு தின்று, மிச்சத்தில் வெற்றிலை எச்சில். எல்லா முகத்துக்கும் கீழே ஒரு பட்டியல். மகன், மருமகள், பேரன், பேத்தி. வெளிநாட்டில் யாராவது இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு நாட்டின் பெயர். அப்பாவின் பத்திரிகையிலும் ‘ஏழுமலை (பிரான்ஸ்)’ என்று என் பெயர்தான் தடித்த எழுத்தில் இருந்தது. சாவுக்கு வராத மகன் நான். வேலை செய்யும் இடத்தில் லீவு தரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். நான் கேட்கவே இல்லை என்பதை இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன். முதலாளி முன்னால் போய் நின்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பழைய பத்திரிகையில் இல்லாத ஒரு வரி புதியதில் இருந்தது. ‘மகள்: கஸ்தூரி.’

கஸ்தூரி எங்கள் இருவருக்கும் மூத்தவள். வைத்திக்குப்பத்தில் படகு வைத்திருக்கும் முருகையனை அவளாகவே கட்டிக்கொண்டாள். அவர் வேறு சாதி என்று எங்கள் வீட்டில் அவள் பெயரை எடுப்பதை நிறுத்தினோம். எங்கள் தெருவிலிருந்து வைத்திக்குப்பம் நடக்கிற தூரம்தான். ஆனாலும் அவள் கடல் தாண்டிப் போனவள் மாதிரியும், நான் பக்கத்துத் தெருவில் இருப்பவன் மாதிரியும் சொந்தக்காரர்கள் பேசினார்கள். அப்பா இறந்த அன்று சேகர் எனக்குப் போன் செய்தான். உணவகத்தின் நிலவறையில் பாத்திரம் கழுவுவது என் வேலை, ப்ளோன்ஜ் என்பார்கள். ஈரக் கையோடு எடுத்தேன். “அண்ணா, பத்திரிகைல அக்கா பேரு போடட்டுமா? சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசுவாங்க.” நான் சொன்னது, “உன் இஷ்டம்டா.” அவ்வளவுதான். ஒரு பெண்ணை அவள் அப்பாவிடமிருந்து அழிக்க அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

இன்னொரு அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்தில் ஒரு மதாம் இருக்கிறார், ஓய்வு பெற்ற டீச்சர். தன் குடும்பத்தின் மூதாதையரைத் தேடிப் பிடிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. பழைய பதிவுகளைப் பார்த்துப் பார்த்துச் சுவர் அளவுக்கு ஒரு படம் வரைந்து மாட்டியிருக்கிறார். அப்பன் பேர் தெரியாத பிள்ளை, ஜெயிலுக்குப் போன தாத்தா எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஒருநாள் என்னையும் உட்காரவைத்து என் குடும்பத்தை வரையச் சொன்னார். அப்பா, தம்பி, நான் என்று மூன்று கட்டம் போட்டேன். “சகோதரி இல்லையா?” என்று கேட்டார். அக்கா இருந்தாள், இப்போது இல்லை என்கிற மாதிரி எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஏதோ சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாள் ஆப்பிள் கேக் செய்து கொண்டுவந்து கொடுத்தார். அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேக்கை முழுதாகத் தின்றேன்.

இப்போது சேகருக்கு அக்கா எதற்கு வேண்டியிருந்தது? எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் தாத்தா அவர்கள் படையில் இருந்தவர், ஊர் வழக்கில் சொல்தா. அதனால் அப்பாவுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்திருக்கும். ‘எனக்கு இங்கயே சோறு கெடைக்குது’ என்று கையெழுத்துப் போடாமல் விட்டுவிட்டார். எனக்குப் பேப்பர் கிடைத்தது என் மனைவி வழியில். அது தம்பிக்கு உதவாது. சேகரின் மூத்த பெண் படித்து முடித்து, தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பொட்டலத்துக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். தாத்தாவிலிருந்து அவள் வரைக்கும் வம்சம் அறுபடாமல் வருகிறது என்று காட்டினால் அவள் பிரான்சுக்குப் போகலாம் என்று ஒரு தரகர் சொல்லியிருந்தார்.

தரகரோடு பழைய பதிவேடுகள் இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு நானும் போனேன். எச்சில் தொட்டுத்தான் அவர் பக்கம் புரட்டுவார். நூறு வருஷத்துக்கு முன்னால் பிறந்தவர்களின் பெயர் மேல் அந்த எச்சில் விரல் ஊர்ந்தது. அவருடைய பை முழுக்கக் கருமாதி பத்திரிகைகள், சுவரிலிருந்து உரித்த அஞ்சலி நோட்டீஸ்கள். யாருக்கு யார் மகன் என்பதற்கு அவைதான் கூடுதல் சாட்சியாம். “செத்தவங்க பிரச்சினையே இல்ல சார். சொன்ன எடத்துல நிப்பாங்க. உசுரோட இருக்கறதுங்கதான் கேஸக் கெடுக்கும்,” என்று சிரித்தார். தாத்தாவின் பெயர் மூன்று இடத்தில் மூன்று மாதிரி இருந்தது. அவருடைய கல்யாணம் பதிவான பக்கம் செல்லரித்துப் போயிருந்தது. மிச்சம் இருந்த ஒரே வழி, லிவ்ரே என்று ஊரில் சொல்லும் குடும்பப் புத்தகம். தாத்தாவின் கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் முத்திரையோடு அதில் இருக்கும். நான் வருவதற்கு முன்பே வீடு முழுக்கத் தேடிவிட்டு, அது அக்காவிடம்தான் இருக்கும் என்று சேகர் முடிவு கட்டியிருந்தான். அதற்காகத்தான் அப்பாவின் பத்திரிகையைச் சேகர் மறுபடி அச்சடித்தான். “ஆபீசுக்கும் ஆச்சி, அக்கா மனசும் குளுந்துடும்,” என்றான். “நீ போயி குடுண்ணா. நீ போனா அவ மறுத்துப் பேச மாட்டா.”

போனேன். முருகையன் படகிலிருந்து வந்து குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். “வா மச்சான்,” என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி. அவரை மாமா என்று கூப்பிடவேண்டியவன் நான். “நல்லா இருக்கீங்களா,” என்று மொட்டையாகக் கேட்டேன். அக்கா பத்திரிகையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துச் சத்தமாகப் படித்தாள்.

“மகன் ஏழுமல, மருமக. மகன் சேகரு, மருமக. மகள் கஸ்தூரி.” நிறுத்தினாள். “ஏன்டா, எனக்குக் கல்யாணமே ஆவலியா? பேரப்புள்ள எடுத்துட்டேன், இன்னும் என்னக் கன்னிப் பொண்ணாவே வெச்சிருக்கீங்க.”

அப்போதுதான் நானும் பார்த்தேன். மருமகன் என்ற வரி இல்லை. பொய்ப் பத்திரிகையில்கூட அவர் பெயரைப் போட எங்களுக்குக் கை வரவில்லை.

“உடு கஸ்தூரி,” என்றார் முருகையன். “அதுல பேரு போட்டா வலைல மீனு கூடுதலாவா மாட்டப் போவுது? மச்சானுக்குச் சோறு போடு.”

சாப்பிடும்போது அக்கா சொன்னாள். கடைசி இரண்டு வருஷம், கோயிலுக்குப் போகிறேன் என்று சேகரிடம் சொல்லிவிட்டு அப்பா தினமும் மத்தியானம் இங்கே வந்திருக்கிறார். “நெத்தி நெறைய விபூதி, இலை நெறைய மீன் கொழம்பு,” என்று சிரித்தாள். ஒருநாள் வயிறு சரியில்லாமல் வேட்டியிலேயே போய்விட்டது. முருகையன்தான் அவரைக் குளிப்பாட்டி, வேட்டியை அலசிப் போட்டு, தன் கைலியைக் கட்டி ஆட்டோவில் அனுப்பியிருக்கிறார். அந்தக் கைலியைப் பற்றிச் சேகர் அப்போது எனக்குப் போனில் சொன்னது ஞாபகம் வந்தது. ‘எவன் கைலியவோ கட்டிக்கினு வந்து நிக்கிறாருண்ணா, அருவருப்பா இருக்குது’ என்றான். நானும் ஆமாம் என்றேன். அக்கா பக்கத்தில் வைத்திருந்த பத்திரிகையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்தேன்.

அப்பா அப்படி வந்தபோது கொடுத்துவைத்த புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றியபடி அக்கா எடுத்துவந்தாள். முதல் பக்கங்களில் பிரெஞ்சில் தாத்தாவின் கல்யாணம், அப்பாவின் பிறப்பு, முத்திரைகள். பின்னால் காலியாக இருந்த ஒரு தாளில் அப்பா நீலப் பேனாவால் தமிழில் எழுதியிருந்தார். எங்கள் எல்லோருடைய பெயரும் இருந்தது. ‘மகள் கஸ்தூரி, மருமகன் முருகையன், வைத்திக்குப்பம்’ என்பது ஒரு முழு வரி. அதற்குக் கீழே அவர்களுடைய பிள்ளைகள்.

“எடுத்துக்கினு போ,” என்றாள் அக்கா. “சேகரு பொண்ணு நல்லா இருந்தா எனக்குக் கசக்குதா? வேல முடிஞ்சதும் திருப்பிக் குடு. அப்பா எழுத்து மேல மட்டும் ஒருத்தன் கை வைக்கக் கூடாது. இவரு எங்க வூட்டு மருமவன்னு இந்த ஒலகத்துல எழுதியிருக்கிற எடம் அது ஒண்ணுதான்.”

அடுத்த நாள் சேகர் வீட்டில் தரகர் அந்தத் தாளைப் பார்த்து உச்சுக்கொட்டினார். “சர்க்கார் புக்குல இப்பிடியா கிறுக்கி வெப்பாரு? இத்தோட குடுத்தா புக்கே செல்லாதும்பான்.” விரலை நாக்கில் வைத்துத் தாளின் ஓரத்தை நிமிண்டினார். “நல்ல வேள, கடைசித் தாளு. தையல் ஓரமா பிளேடு போட்டா ஒண்ணும் தெரியாது.”

சேகர் என்னைப் பார்த்தான். “அண்ணா, சரின்னு சொல்லு. வேணும்னா ஜெராக்ஸ் எடுத்து அக்காகிட்ட குடுத்துடலாம்.”

உன் இஷ்டம் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது அங்கேயே குடியிருக்கும் வார்த்தை. தரகரின் எச்சில் முருகையன் என்ற பெயருக்கு ஓர் அங்குலம் தள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தை அவர் கையிலிருந்து இழுத்து மூடினேன். “வேணாம்,” என்றேன்.

“நீ போயி உக்காந்துட்ட,” என்று சேகர் கத்தினான். “ரயிலு, ஆஸ்பத்திரி, புள்ளைங்க படிப்பு எல்லாம் ஒனக்கு ஆயிடுச்சி. எம் பொண்ணு மட்டும் லேபிள் ஒட்டிக்கினே கெடக்கணும். ஒரு தாளு! செத்தவரு கிறுக்குன ஒரு தாளு!” அவன் பெண் கதவோரம் நின்றிருந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். சேகர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. என் பெட்டியையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வைத்திக்குப்பத்துக்கு வந்துவிட்டேன்.

அக்கா என்னைப் பாராட்டவில்லை. “அதும் பொழப்பக் கெடுத்தவளாத்தானே அந்தப் பொண்ணு என்னை நெனைக்கும்?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். முருகையன் வெளியே போய், டீ வாங்கிவந்து வைத்தார். “குடி மச்சான்.”

“சரி மாமா,” என்றேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அக்கா மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு புத்தகத்தை மறுபடி சுற்றி வைக்கும் முன் பிரித்துப் பார்த்தாள். சேகருக்கு முத்தியால்பேட்டை என்று அப்பா எழுதியிருந்தார். என் வரியில் என் பெயர், என் மனைவி பெயர், ஒரு கமா, அதற்குப் பிறகு இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் தாள்.

“ஒனக்கு மட்டும் ஊரு போடாம உட்டுட்டாரு. இந்தா, நீயே எழுதிடு,” என்று பேனாவை நீட்டினாள்.

இருபத்திரண்டு வருஷமாக என் தபால் வரும் ஊரின் பெயரை நான் சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்கே புரியாது, காகிதத்தில் எழுதித்தான் காட்டுவேன். முத்தியால்பேட்டை என்று எழுத, இனி அங்கே எனக்கு எந்த வீடு? வைத்திக்குப்பம் என்று எழுத எனக்கு என்ன யோக்கியதை? பேனா முனை தாளுக்கு மேலே நின்றது. வெளியே யாரோ மீன் விலை கேட்டு முருகையனைக் கூப்பிட்டார்கள்.

“எழுதேன்டா,” என்றாள் அக்கா. “இன்னா, ஊரு பேருகூட மறந்துடுச்சா?”

பேனாவை மூடி அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். நாளை மறுநாள் விமானம்.

மாசி 12, திங்கட்கிழமை.