பல்பொடி தங்கச்சாமியின் நேர்வரிசை

திருத்தங்கலில் தங்கச்சாமி என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். பல்பொடி தங்கச்சாமி என்று கேட்டால் ஒரே வீடுதான். அவர் பல்பொடி வியாபாரி இல்லை. அச்சகத்தில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறவர். பொடியை விற்றது அவருடைய பல்.

1985-ல் அவருக்கு இருபத்தொரு வயது. காரியாபட்டியில் 'வெண்முறுவல் பல்பொடி' தயாரித்துக்கொண்டிருந்த லட்சுமிகாந்தம், லேபிள் அடிக்க அந்த அச்சகத்துக்கு வந்தார். கையில் மதுரை ஸ்டுடியோவில் எடுத்த ஒரு படம் இருந்தது. படத்தில் இருந்தவன் நல்ல முகவெட்டுள்ள ஆள்தான். ஆனால் சிரிக்கும்போது மேல்வரிசை கீழ்வரிசையைக் கொஞ்சம் மறைத்தது. "பல்பொடி விக்கிறவன் பாதிப் பல்லத்தானா காட்டுறது?" என்று அவர் குறைபட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே நின்ற தங்கச்சாமி சிரித்தார். பல்லைச் சேர்த்து வைத்துச் சிரிப்பது அவர் வழக்கம். மேலும் கீழும் நுனியோடு நுனி முட்டி, இரண்டு வரிசையும் நூல் பிடித்துக் கட்டிய சுவர்போல நின்றன.

லட்சுமிகாந்தம் மதுரைப் படத்தைப் பைக்குள் வைத்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு ராமநாதபுரம் வரை கடைகளில் தொங்கியது. தங்கச்சாமி தன் முகத்தைத் தானே நாலு கலரில் அச்சடித்தார். தீபாவளிக்குத் தீபாவளி கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி பல்பொடி வந்துவிடும். அவரும் விசுவாசமாகக் காலையும் மாலையும் விரலால் அழுத்தித் தேய்த்தார்.

இப்படிப்பட்ட பல்லுக்குச் சொந்தக்காரருக்கு இருக்கன்குடிப் பக்கத்தில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் செல்லத்தாய். தீப்பெட்டி ஆபீசில் வேலை. கெட்டிக்காரி. எத்துப்பல். மேல்வரிசை உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நின்றது. தங்கச்சாமி முகத்தைச் சுளித்தார். "பல்ல வச்சா சோறு பொங்கப் போற?" என்றார் அவருடைய அம்மா. அத்தோடு பேச்சு முடிந்தது.

கல்யாணப் படம் எடுக்கும்போது, "கொஞ்சம் வாய மூடிக்கோ," என்று தங்கச்சாமி மெதுவாகச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர் என்ற முறையில் சொன்னார். செல்லத்தாய் அன்றைக்கு மூடியதுதான். அதற்குப் பிறகு அவர் சிரித்தால் சேலைத் தலைப்புக்குத்தான் தெரியும். மகள் சினேகா பிறந்தபோது வந்தவர்களிடம் தங்கச்சாமி, "அப்பன் பல்லு வந்துட்டாப் போதும்," என்றார். ஏழெட்டு வருடத்தில் வந்தது. அதே நேர்வரிசை. செல்லத்தாய்க்கும் நிம்மதிதான்.

நாற்பதை நெருங்கும்போது தங்கச்சாமிக்கு முன்பல் கூச ஆரம்பித்தது. முதலில் ஐஸ் தண்ணீருக்கு. அப்புறம் பானைத் தண்ணீருக்கு. குழாய்த் தண்ணீர் சரியில்லை என்றார். பிறகு முறுக்கைக் குற்றம் சொன்னார். "ஒரே முறுக்கத்தான நானும் திங்கிறேன்," என்றார் செல்லத்தாய். தங்கச்சாமி முறுக்கை விட்டுவிட்டார். பல் குட்டையாகிக்கொண்டே வந்தது. கட்டிங் மிஷினில் கொடுத்து வெட்டியதுபோல நுனி தட்டையாக, நடுவில் மஞ்சள் கோடு ஓடியது. நாள்தோறும் பார்க்கிற முகம் என்பதால் வீட்டில் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. அவர் இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

2006-ல் பல்பொடி கம்பெனிக்கு வெள்ளிவிழா வந்தது. லட்சுமிகாந்தம் புதுக் கார் வாங்கியிருந்தார். அதிலேயே அச்சகத்துக்கு வந்து இறங்கினார்.

"ஏப்பா தங்கச்சாமி, புது லேபிள்ல ரெண்டு படம். அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு ஒரு பக்கம், இன்னைக்குச் சிரிக்கிற சிரிப்பு ஒரு பக்கம். இருபது வருசமா நம்ம பொடிதான், பல்லு அப்படியே இருக்குன்னு போடுறோம். எங்க, சிரி பாப்போம்."

தங்கச்சாமி தயங்கினார். பிறகு, மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சிரித்தார்.

லட்சுமிகாந்தம் கதவைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில் கேட்டார். "நம்ம பொடிதான் போட்டியா?"

"வேற எதையும் தொட்டதில்ல மொதலாளி."

"இத யாருகிட்டயும் சொன்னியா?"

"பல்ல எப்படி மொதலாளி சொல்றது. பாத்தாத் தெரியுமே."

மறுநாளே அவரைக் கம்பெனி செலவில் விருதுநகருக்கு அனுப்பினார் லட்சுமிகாந்தம். வைத்தியத்துக்கு அல்ல. பல் தேய்ந்ததற்குப் பொடி காரணமில்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரவேண்டும். இருபது வருடத்தில் தங்கச்சாமியின் பல்லைப் பற்றி வேறொருவர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை.

பல் டாக்டர் பர்ஹத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. பஜாரில் மல்லி, வத்தல் வியாபாரம் செய்யும் குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதல் டாக்டர். தங்கச்சாமிக்குத் துணையாகச் செல்லத்தாயும், பள்ளிக்கூடம் லீவு என்பதால் சினேகாவும் போயிருந்தார்கள்.

பர்ஹத் ஒரு மெல்லிய நீலக் காகிதத்தைப் பல்லுக்கு நடுவில் வைத்து, "கடிங்க அண்ணே," என்றார். பிறகு ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்தார். தேய்ந்த முன்பற்களின் நுனியில் மட்டும் பட்டையாக நீலம் ஒட்டியிருந்தது.

"உங்களுக்கு முன்பல்லு நுனிக்கு நுனி முட்டுது. மேல்வரிசை ஒரு ரெண்டு மில்லிமீட்டர் முன்னால வந்து, டப்பா மூடி மாதிரி கீழ்வரிசைய மூடி நிக்கணும். அப்படி இல்லாததால ஒவ்வொரு தடவை வாய மூடும்போதும் ஒண்ணு மேல ஒண்ணு உரசுது. ஒரு நாள்ல தெரியாது. இருபது வருசத்துல தெரியும்."

தங்கச்சாமிக்குச் சட்டென்று புரிந்தது. மிஷினில் உருளைக்கும் உருளைக்கும் இடையே பிரஷர் கூடிப்போனால் ரப்பர் தேயும் என்பது அவருக்குத் தெரியாததா. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"நேரா இருக்குன்னுதான டாக்டரம்மா எல்லாரும் சொன்னாங்க. படமெல்லாம் எடுத்தாங்க."

"பாக்குறதுக்கு நேரா இருந்திருக்கும். கடிக்கிறதுக்கு நேரா இல்ல."

"அப்ப பொடியில தப்பில்லைன்னு எழுதிக் குடுத்திரலாமா?"

பர்ஹத் அவர் கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். நறநறவென்றது. "கடிதான் முதல் காரணம்னு எழுதுறேன். பொடியும் தன் பங்குக்குத் தேய்ச்சிருக்குன்னும் எழுதுவேன்," என்றார்.

எழுதிக்கொண்டே, ஓரமாக நின்ற செல்லத்தாயைப் பார்த்து, "அக்கா, நீங்களும் ஒரு நிமிசம் உக்காருங்க," என்றார். செல்லத்தாய் வேண்டாம் என்று தலையசைத்தார். "எனக்கு எல்லாம் கோணல் டாக்டரு." பர்ஹத் விடவில்லை. வாயைத் திறக்கவைத்து விளக்கைத் திருப்பியவர், தங்கச்சாமியையும் கூப்பிட்டுக் காட்டினார். முன்பல்லின் விளிம்பில் ரம்பம்போல மூன்று சின்ன மேடுகள் இருந்தன.

"இது ஏழெட்டு வயசுல பல்லு முளைக்கும்போது இருக்கும். அப்புறம் தேஞ்சு போயிரும். அக்காவுக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒண்ணையொண்ணு தொடவே இல்ல. அதான் முளைச்சபடியே நிக்குது."

"அப்ப என் பல்லு நல்ல பல்லா?" என்று கேட்டார் செல்லத்தாய்.

"அப்படியும் சொல்ல முடியாது. முன்பல்லு செய்யவேண்டிய வேலையையும் கடவாய்ப்பல்லே செய்யுது. அங்க தேய்மானம் இருக்கு. ஆனா முன்பல்லு மட்டும் உங்களுக்குச் சின்னப்பிள்ளை பல்லு."

தங்கச்சாமி அந்தப் பல்லை வெகுநேரம் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் அவர் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. சேலைத் தலைப்பைத்தான் பார்த்திருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. டாக்டர் பக்கம் திரும்பி, "இவளுக்கு முறுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு அப்பவே சொன்னா," என்றார்.

கடிதத்தைப் படித்த லட்சுமிகாந்தம் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டார். புது லேபிளில் பழைய படமே இருந்தது. 'இருபது ஆண்டுகளாக மாறாத சிரிப்பு' என்று எழுதியிருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. படம் மாறவில்லை. அதையும் தங்கச்சாமிதான் அச்சடித்தார்.

அவருடைய பல்லுக்குப் பர்ஹத் நாலு தடவை வரச்சொல்லி, பல் நிறத்தில் சிமெண்ட் வைத்து உயரம் ஏற்றினார். தூங்கும்போது பல் உரசாமல் இருக்க, பல்மேல் மாட்டிக்கொள்ளும் ஒரு மெல்லிய தட்டும் கொடுத்தார். பழைய உயரம் முழுக்க வரவில்லை. தண்ணீர் குடிக்க முடிந்தது.

சினேகாவின் விஷயம்தான் தெருவில் பெரிய பேச்சானது. பதினான்கு வயதுப் பிள்ளையின் முத்துப்போன்ற நேர்வரிசைக்கு அப்பனே கூட்டிப்போய்க் கம்பி போட்டுவிட்டான் என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் நேராகவே கேட்டார்: "கோணப்பல்ல நேராக்கக் கம்பி போடுவாங்க. நீரு நேரா இருக்கதக் கோணலாக்கப் போட்டீரோ?" தங்கச்சாமி அவரை உட்காரவைத்து, டப்பா மூடியில் தொடங்கி அரைமணி நேரம் விளக்கினார். எதிர்வீட்டுக்காரர் அதன் பிறகு கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கம்பியை எடுத்தபோது, சினேகாவின் மேல்வரிசை கீழ்வரிசையைக் கொஞ்சமாக மூடி நின்றது. அழகு குறைந்துவிட்டதாகத்தான் தெருவின் முடிவு.

தங்கச்சாமிக்கு அதிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாரைப் பார்த்தாலும் முதலில் கடியைப் பார்ப்பார். ஒருநாள் விருதுநகர் பஸ்ஸில், டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரின் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, கொஞ்சம் பல்லக் கடிச்சுக் காட்டுங்க," என்றார்.

"காலையில இருந்து பல்லக் கடிச்சுக்கிட்டுத்தாண்ணே நிக்கிறேன்," என்றார் கண்டக்டர். "சில்லறையாக் குடுங்க."